நாலரை மணி இடியாப்பம்

மச்சான்,

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நான்கு நாட்களாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. நான் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததை நசீமா பிடுங்கி, நான்காக மடிந்திருந்ததை நீவிவிட்டு, காந்தம் வைத்து மாட்டிவிட்டாள். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனாலும் அதுதான் கண்ணில் படுகிறது, தயிர் எடுக்கப் போனாலும் அதுதான். மோதிரம், கடிகாரம் கழற்றிவிட வேண்டும். பல்செட் இருந்தால் சொல்ல வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கொண்டுவர வேண்டும். நான்காவது வரிக்குக் கீழே நர்ஸ் பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்: முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. அந்த வரியை நான் இப்போது எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. படிக்க வேண்டிய நாளில் ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

எனக்கு ஹெர்னியா. நீ கேட்டால் சிரிப்பாய். ஏசியின் வெளி யூனிட்டை மூன்று மாடி, நான்கு மாடி என்று தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவேன் இல்லையா, "கயிறு கட்டி இழுங்கடா, உடம்பு என்ன உங்க கடை வேனா?" என்று நீ கத்துவாய். அந்த உடம்புதான் இப்போது பில் நீட்டியிருக்கிறது. வயிற்றில் வலை மாதிரி ஒன்றை வைத்துத் தைப்பார்களாம். சின்ன ஆபரேஷன், ஒரே நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் டாக்டர். உன்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் தள்ளிப் போட்டேன். முதல் முறை கடையில் சீசன் என்றேன். இரண்டாவது முறை மருமகள் ஊரிலிருந்து வருகிறாள் என்றேன். நசீமா எதையும் நம்பவில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டாள்: "உங்களுக்கு கத்தி பயமா, சுமதி பயமா?" முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினால் இதுதான் கஷ்டம். உன் வீட்டுக்காரி பெயரைக் கேட்டதும் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும் போலிருக்கிறது.

பொத்தேரியில் நீ வேலை பார்த்த கல்லூரி லேபுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்ய வந்தவன் நான். லேப் அசிஸ்டென்டாக நீ பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பாய், உள்ள இருக்குற பாட்டில் எதையும் குடிச்சிடாதீங்க, அப்புறம் உங்களையே உள்ள வெக்க வேண்டியிருக்கும்" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் பாயாக இருந்த நான் மச்சானாகிவிட்டேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு சுமதி என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த மச்சானுக்கு ஒரு உறவுமுறையும் வந்துவிட்டது. ரமலான் மாதம் முழுக்க, காலேஜ் முடிந்து ரயிலில் வரும் நீ தாம்பரத்தில் இறங்காமல் நேராகக் குரோம்பேட்டைக்கு வந்துவிடுவாய், நோன்புக் கஞ்சிக்கு. நோன்பு வைத்தவனுக்கு முன்னால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "நான் மத்தியானம் சாப்பாடு கொஞ்சம் கம்மியாத்தான் சாப்ட்டேன் மச்சான், எனக்கும் பாதி நன்மை உண்டு" என்பாய்.

உன் பித்தப்பையில் கல் என்று தெரிந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூரில் உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். புதன்கிழமை காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், பத்து மணிக்கு ஆபரேஷன். அந்த நேரத்தில் தெருவைத் தாண்டி வர முடியுமோ முடியாதோ என்று செவ்வாய்க்கிழமை மாலையே வேனை எடுத்துக்கொண்டு வந்து உன்னை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம். சுமதி வீட்டிலேயே இருந்தாள், தண்ணீர் உள்ளே வந்தால் சாமான்களை ஏற்றி வைக்க ஆள் வேண்டுமே. காலையில் நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றாள். வேன் கிளம்பும்போது ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, எல்லாம் இதுல இருக்கு. நாளைக்கு வெறும் வயித்தோட போகணும், பாத்துக்குங்க."

"யார்கிட்டம்மா சொல்றே? பன்னெண்டு வயசுல இருந்து நோன்பு வெக்கிறவன் நான்" என்றேன்.

என் அகம்பாவத்தைப் பார், மச்சான். ஃபைலை நான் திறக்கவே இல்லை. வெறும் வயிறு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். விடிவதற்கு முன் எழுந்து சஹர் சாப்பிட்டுவிட வேண்டும், பாங்கு சொன்ன பிறகு பல்லில் தண்ணீர் படக் கூடாது. அதை நாற்பது வருடமாக ஒழுங்காகச் செய்து வருகிறவன் என்ற மமதை. உனக்குச் சர்க்கரை வேறு இருந்தது, பத்து மணி வரை பட்டினி கிடந்தால் மயக்கம் வருமே என்று அக்கறையும் சேர்ந்துகொண்டது. நாலு மணிக்கு நசீமாவை எழுப்பினேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள், "ஆபரேஷனுக்கு முன்னாடி சாப்பிடலாமாங்க? யார்கிட்டயாவது கேளுங்களேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடியறதுக்குள்ள முடிச்சிட்டா ஒண்ணும் இல்ல. பேசாம பிழி." எண்ணெய் ஆகாது என்று குழம்பு வேண்டாம் என்றேன். கொழுப்பு ஆகாது என்று தேங்காய்ப்பால் வேண்டாம் என்றேன். அதெல்லாம் நினைவிருந்தது. நான்கு இடியாப்பம், கொஞ்சம் பால், ஒரு வாழைப்பழம்.

நீயும் ஒரு தடவை கேட்டாய். "சாப்பிடலாமா மச்சான்?" நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் இருவது நிமிஷம் இருக்கு, பாங்கு சொல்றதுக்குள்ள முடி" என்றேன். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீ சொன்னா சரி" என்று உட்கார்ந்தாய். பசியோடுதான் சாப்பிட்டாய். நான்காவதைப் பாலில் முக்கி எடுக்கும்போது, "பத்தியம்னு சொல்லி சுமதி மூணு மாசமா கஞ்சியா ஊத்துறா, இதுதான்டா சாப்பாடு" என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆஸ்பத்திரியில் உடையெல்லாம் மாற்றி, கையில் ஊசி குத்தி, கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். என் மகள் வயது இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றார். "காலைல நாலரைக்கும்மா" என்றாய் நீ, பள்ளிக்கூடத்தில் சரியான பதில் சொல்கிறவன் மாதிரி. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கோபப்படவில்லை. வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து, இன்றைக்குச் செய்ய முடியாது என்று பொறுமையாகச் சொன்னார்.

அப்போதுதான் சுமதி உள்ளே வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பெருங்களத்தூர் வரை நடந்தே வந்திருக்கிறாள். "சாப்ட்டீங்களா? யாரு குடுத்தா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது உண்மை. அதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"யாரும் குடுக்கல. பாய் வீட்ல எல்லாரும் தூங்கினாங்க. பசி தாங்கல, டேபிள்ல இருந்துது, எடுத்துச் சாப்ட்டேன்."

"ஒரு நாள் வாயைக் கட்ட முடியலையா உங்களுக்கு?" என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கக் கேட்டாள் சுமதி. நான் திறந்த வாயை மூடிக்கொண்டு, ஃபைலின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேதி ஒன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது, வெள்ளிக்கிழமை. இடையில் சனிக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். தெருவில் தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்தது. சுமதியிடம் சொல்லிவிடுகிறேன் என்று நான் ஆரம்பித்ததும் நீ கையைப் பிடித்து உட்கார வைத்தாய். "நீ சும்மா இரு. உன்னை அண்ணான்னு மதிக்கிறா, அதைக் கெடுத்துக்காதே. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இந்தத் தடவை ரொம்பத்தான் மச்சான். பேசறதே இல்ல. தட்டை டொக்குனு வெக்கிறா, போயிடறா. நேத்து உப்பு வேணும்னு சுவத்தைப் பாத்து கேட்டேன்" என்றாய். அதற்கு நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இன்னும் ஆறு நாள், ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை உனக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. கல் ஒன்று நழுவி வழியை அடைத்துவிட்டது, கணையம் வீங்கிவிட்டது என்றார்கள். ஐசியூவில் இரண்டு நாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கே ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று பெரிய டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "இருக்கலாம், சொல்ல முடியாது" என்றார். அந்த 'சொல்ல முடியாது'வைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டேன், மச்சான்.

இந்த முறை தேதி நிச்சயமானதும் நசீமா சொன்னாள், ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் மாப்பு கேட்டுவிட்டுப் போவது மாதிரி நீங்களும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று. நல்ல யோசனைதான். அண்ணனுக்கு, சம்பந்திக்கு, கடைக்காரர்களுக்கு என்று வரிசையாகப் போன் போட்டேன். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது பண்ணியிருந்தா மாப்பு செய்யணும்" என்று ஒரே வாக்கியம். எல்லாரும் "அட, என்ன பாய் நீங்க" என்றார்கள். அந்த வாக்கியம் ரொம்ப வசதியானது. எது தெரிந்து, எது தெரியாமல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சுமதியிடமும் அதைப் போனிலேயே சொல்லி முடித்துவிடலாம் என்று நம்பரைத் தேடினேன். நசீமா போனை வாங்கித் தூர வைத்துவிட்டாள். "படைச்சவன்கிட்ட மூணு வருஷமா அழுதாச்சு. இவகிட்ட கேக்க வேண்டியதை இவகிட்டதான் கேக்கணும். நேர்ல போங்க."

இன்றைக்குக் காலையில் போனேன்.

சுமதி இளைத்திருக்கிறாள். உன் பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை, மாதம் ஒரு தடவை வந்து போகிறாள் என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், தெரிஞ்சோ தெரியாமலோ. "நீங்க என்ன தப்பு பண்ணீங்கண்ணா, எங்களுக்கு நல்லதுதானே செஞ்சீங்க" என்று சிரித்தாள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். தம்ளரைக்கூடக் கீழே வைத்துவிட்டேன். உன் படத்தைப் பார்க்காமல் எழுந்திருக்க முடியவில்லை, பார்த்துவிட்டு எழுந்திருக்கவும் முடியவில்லை.

சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு நசீமாவை எழுப்பியது, நீ கேட்டது, நான் கடிகாரத்தைக் காட்டியது, எல்லாவற்றையும். அவர் எடுத்துச் சாப்பிடவில்லை, நான்தான் உட்கார வைத்துப் போட்டேன் என்றேன். என்னால்தான் ஆபரேஷன் தள்ளிப் போனது, என்னால்தான் அவர் போனார் என்றேன். அடிப்பாள், கத்துவாள், வாசலைக் காட்டுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் அதில் எதையும் செய்யவில்லை. என் டீ தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அவரு திருடிச் சாப்பிடலையா?"

"இல்லம்மா."

"அந்த ஆறு நாளும் நான் அவர்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலண்ணா. தண்ணியில நடந்து வந்தேனே, ஒரு நாள் பொறுக்க முடியலையே இந்த மனுஷனாலன்னு. ஐசியூக்குள்ள விட்டாங்களே, அப்பகூட, 'அன்னிக்கு வாயைக் கட்டியிருந்தா இந்தக் கதி வருமா'ன்னுதான் கேட்டேன். என்னைப் பாத்து சிரிச்சாரு. அதுக்கப்புறம் கண்ணைத் தொறக்கல."

நான் எதுவோ சொல்ல வந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"சனிக்கிழமை நீங்க வந்தீங்க. உள்ள ரெண்டு பேரும் சிரிச்சீங்க, நான் அடுப்படியில நின்னுகிட்டு கேட்டேன். அப்பகூட சொல்லலாம்ல? சொல்லியிருந்தா என்னண்ணா ஆயிருக்கும்? உங்களைத் திட்டியிருப்பேன். ரெண்டு நாள் உங்ககூடப் பேசாம இருந்திருப்பேன். அவ்ளோதானே? அவர்கூடப் பேசியிருப்பேன்ல?"

மாப்பு என்ற வார்த்தை என் வாயில் வந்து நின்றது. "இப்ப அதைக் கேக்காதீங்க. எனக்குக் குடுக்கத் தெரியல" என்று அவளே சொல்லிவிட்டாள். எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது, "ஆபரேஷன் முடிஞ்சதும் அண்ணியைப் போன் பண்ணச் சொல்லுங்க." வெளியே வந்து அவள் சொல்லவில்லை. ஜிஎஸ்டி ரோடு முழுக்க ஹாரன் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டே வந்தது. குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரம் வரை போய்விட்டுத்தான் வீட்டைத் தாண்டி வந்துவிட்டது தெரிந்தது.

நாளைக்குக் காலையில் ஆபரேஷன். இந்த முறை தள்ளிப் போட மாட்டேன். எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்வதற்குச் சரியான பதில் இருக்கிறது. நசீமா ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்துவிடப் போகிறேன் என்று இப்போதே சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். பயம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது கத்திக்கான பயம் மட்டும்தான்.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். என்னை மூடி மறைத்தாயே, கூடவே படுத்து எழுந்தவளிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆறு நாள் சுவரைப் பார்த்து உப்புக் கேட்டாயே, ஒரு தடவை திரும்பி, "நான் இல்லடி, அந்தப் பாய்தான்" என்றிருந்தால் போதுமே. பெரிய தியாகி மாதிரி இருந்துவிட்டாய். நான் அதை உன் நல்ல மனசு என்று மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லாமல் எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கு மட்டும்தான் நல்ல மனசாக இருந்தது.

இத்தனை நாள் உன் சாவைத்தான் சுமந்துகொண்டு திரிவதாக நினைத்தேன், மச்சான். அது கல்லிடம் இருந்தது, டாக்டரிடம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறவனிடம் இருந்தது. அந்த ஆறு நாள் மட்டும் முழுக்க முழுக்க என்னிடம் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு இருந்திருக்க வேண்டிய ஆறு நாள். ஒரு பொம்பளையிடம் இரண்டு நாள் திட்டு வாங்கப் பயந்துகொண்டு, அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.